பைக் பெயிண்டில் கீறல்: நான்கு வருடம் பட்டுத் தெரிந்துகொண்டவை

கருப்பு வண்டி எடுத்தது என் ஆசை. அதன் விலை என்ன என்று மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. டேங்க் வந்து சீட்டோடு சேரும் இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. சாலையில் யாரும் உரசவில்லை, கல்லும் தெறிக்கவில்லை. என் பெல்ட் பக்கிள்தான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு முன்னால் சரிகிறது, பக்கிள் போய் டேங்கில் இடிக்கிறது. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், சிக்கியது. நகம் சிக்கினால் கீறல் ஆழம் என்று அர்த்தம், பாலிஷ் போட்டுப் போக்க முடியாது.

அதன் பிறகு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால் எல்லாமே என் கைங்கரியம். சாவிக்கொத்து ஆடி ஆடி ஹேண்டிலுக்குக் கீழே பொடிப்பொடியாகக் கோடுகள். ஏறி இறங்கும்போது ஷூ பட்டுப் பின்பக்கப் பேனலில் சிராய்ப்பு. ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் ஒரு கேபிள் ஃபிரேமில் உரசி, பெயிண்டையே தின்று இரும்பைக் காட்டிவிட்டது. அங்கே துருவும் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை ஏமாற்றியது கவர்தான். பாதுகாப்பு என்று நினைத்துத் தினமும் தூசியோடு இருக்கும் வண்டி மேலேயே போர்த்தினேன். ராத்திரி முழுக்கக் காற்றில் அது படபடவென்று அடிக்கும். உள்ளே தூசி, வெளியே துணி. உப்புத்தாளை வைத்துத் தேய்த்த கதைதான். ஆறு மாதம் கழித்து வெயிலில் பார்த்தபோது டேங்க் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வளையங்கள். கவர் போட்டே ஆகவேண்டும் என்றால் வண்டி சுத்தமாக இருக்கவேண்டும், கவர் ஆடாமல் இறுக்கமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் சும்மா நிழலில் விடுவதே மேல்.

சரி, பெயிண்டைக் காக்க மேலே ஃபிலிம் ஒட்டிய கதைக்கு வருகிறேன். முதலில் மலிவாகக் கிடைத்த ஒரு வினைல் தாள். ஒரு வருடத்தில் ஓரமெல்லாம் மஞ்சள். உரித்துப் போட்டுவிட்டு பிபிஎஃப், அதாவது பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம், வாங்கினேன். பாலியூரித்தேன் ஃபிலிம். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க வந்த சரக்கின் வாரிசு இது. தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் ஏறக்குறைய 50 மைக்ரான்தான் என்பதால், உரசல் வந்தால் முதலில் அடி வாங்குவது ஃபிலிம்.

நானே ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளவேண்டும். தட்டையான இடத்தில் சுலபம், டேங்க் வளைவில் வியர்த்துவிட்டது. உள்ளே மாட்டிய தண்ணீர்க் குமிழிகள் சில நாட்களில் தானாக மறைந்தன. தூசி மறையாது. என் டேங்கின் இடது பக்கம் ஒரு முடி நிரந்தரமாகக் குடியிருக்கிறது, புருவமோ என்னவோ.

மூன்று வருடம் கழித்து நிலவரம்: முட்டி உரசும் இடம் லேசாக மங்கியிருக்கிறது. சன்னமான கோடுகள் வெயில் பட்டால் தானாக ஆறுகின்றன, ஆழமானவை அப்படியே நிற்கின்றன. பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் மட்டும் ஓரம் கிளம்பி, அழுக்கு ஏறிக் கருப்புக் கோடாகிவிட்டது. பெட்ரோல் சிந்தினால் உடனே துடைக்காததன் பலன். போன மாதம் அந்தத் துண்டை ஹேர் டிரையரால் சூடாக்கி, தாழ்வான கோணத்தில் மெதுவாக உரித்தேன். மிச்சமிருந்த பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். உள்ளே இருந்த கருப்பு, வண்டி வந்த நாளில் இருந்த அதே கருப்பு. பக்கத்தில் ஃபிலிம் இல்லாத இடத்தைப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

பெயிண்ட் மேல் திரவமாகப் பூசும் செராமிக் கோட்டிங்கும் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, கழுவுவது சுலபமானது. கீறலைத் தடுக்குமா என்றால், தடுக்காது. டப்பாவில் 9ஹெச் என்று போடுகிறார்களே, அது பென்சில் வைத்துக் கடினத்தைச் சோதிக்கும் அளவு. சாவிக்கு முன்னால் அது நிற்காது.

கழுவும் விஷயத்தில் ஒன்றுதான் மாற்றினேன்: உலர்ந்த துணியால் தூசி துடைப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் வெறும் தண்ணீரில் மண்ணை இறக்குவேன், அப்புறம்தான் ஷாம்பூ. துணியை அலச இன்னொரு வாளி. துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. மேட் பெயிண்ட் வைத்திருப்பவர்கள் பாலிஷ் பக்கமே போகவேண்டாம். தேய்த்த இடம் திட்டாகப் பளபளக்கும், திரும்ப மேட் ஆகாது.

முழு வண்டிக்கும் ஃபிலிம் ஒட்டச் சொன்னால் ஒட்டமாட்டேன். டேங்கின் பின்பகுதி, முட்டி படும் இரண்டு பக்கம், ஷூ உரசும் பேனல், கேபிள் தேயும் இடம், இவ்வளவு போதும். கேபிள் இடத்தில் துருவைச் சுரண்டி, டச்-அப் பெயிண்ட் வைத்து, நன்றாகக் காயவிட்டு ஒரு துண்டு ஒட்டினேன், அதோடு சரி. அந்த முதல் பக்கிள் கோடு மட்டும் ஃபிலிமுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இப்போதெல்லாம் பக்கிளை இடுப்புக்குப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.