ஓலை வாசித்த பின் தொடங்கும் கதைகள்: ராமநாதபுரம் வாடகை நூலகத்தின் ரீஜென்சி அடுக்கு

அரண்மனை வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற இந்த வாடகை நூலகத்தில் ஆங்கில நாவல்கள் பின்சுவரில் இருக்கின்றன. மேலிருந்து இரண்டாவது அடுக்கு முழுக்க ரீஜென்சி காதல் கதைகள். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மனநிலை சரியில்லாமல் போய், மகன் அரசப் பிரதிநிதியாக இருந்த 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்துதான் களம். அதிலும் ‘கல்யாணம் ஆயிற்று, மனசு ஒட்டவில்லை’ வகைதான் இங்கே அதிகம். கணவன் வாட்டர்லூ போரிலிருந்து திரும்பியவன். மனைவி முதல் கணவனிடம் அடிபட்டவள். எடுக்க வேண்டியது இந்த வகையைத்தான்.

தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கிறிஸ்தவ வாசகர்களுக்கு இதில் பாதி பழகிய சங்கதி. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் அறிவித்துத்தான் இங்கிலாந்திலும் கல்யாணம். ஓலை வாசிக்க நேரமில்லாத பிரபுக்கள் கான்டர்பரி பேராயரிடம் சிறப்பு உரிமம் வாங்குவார்கள். ஆனால் தாலி கட்டிய பிறகு, அதாவது அவர்கள் ஊரில் மோதிரம் போட்ட பிறகு, வெளியேற வழி கிடையாது என்பதுதான் இந்தக் கதைகளின் முதுகெலும்பு. முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். 1857 சட்டத்தால் விவாகரத்து நீதிமன்றம் வருவதற்கு முன் அப்படி விடுதலை வாங்கிய பெண்கள் மொத்தம் நான்கே பேர். முதலாமவருக்குக் கிடைத்தது 1801இல். பிள்ளைகள் அப்பாவுக்கே சொந்தம். சிறு குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் மனுப் போடவே 1839 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால், ‘முதலிரவு நடக்கவில்லை, கல்யாணத்தை ரத்து செய்துவிடலாம்’ என்று வக்கீல் சொல்கிற நாவலை அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடலாம். அந்தக் காலத்தில் ஆண்மையின்மையை நிரூபித்தால்தான் ரத்து. உறவுக்கு மறுப்பது காரணமாக ஏற்கப்பட்டது 1937இல்தான். இந்தத் தப்பு அடுக்கில் நிறைய இருக்கிறது. எழுதியவருக்குக் கதவு திறந்தே இருந்தால், இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் அவதிப்படுவதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இன்னொரு சோதனை லாடனம். அபினியைச் சாராயத்தில் ஊறவைத்த மருந்து, மருந்துக்கடையில் கேட்டால் சாதாரணமாகக் கிடைத்தது. பழகினவன் நிறுத்தினால் ஒரு நாளைக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப் பிடிப்பு; இரண்டு மூன்று நாளில் உச்சம். ராத்திரி புட்டியை உடைத்துவிட்டு மறுநாள் வால்ட்ஸ் ஆடுகிற நாயகனை நம்பாதீர்கள். போர் தந்த மன அதிர்ச்சிக்கு டாக்டர் வாயில் ‘ஷெல் ஷாக்’ என்ற பேர் வந்தாலும் அப்படித்தான். அந்தச் சொல் மருத்துவ இதழில் ஏறியது 1915இல்.

நல்ல நாவலில் மனக்காயத்துக்குப் பேர் இருக்காது, கையில் தெரியும். கரண்டி கீழே விழுந்த சத்தத்தில் அவன் நாற்காலி சுவரோரம் போய்விடும். இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள கதவின் சாவியை அவள் விரலில் சுற்றிக்கொண்டே தூங்குவாள். ஒருநாள் காலையில் அவன் தன்னிடமுள்ள மாற்றுச் சாவியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குதிரை லாயத்துக்குப் போவான். இந்த மாதிரி ஒரு பக்கம் வந்துவிட்டால் மீதி நானூறு பக்கத்தை நம்பிப் படிக்கலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரை இது. காற்று திசை மாறினால் எழுந்து உட்காருகிற பெரியவர்கள் இருக்கிற வீடுகளில், ஒரு முத்தத்தில் ஆறிப்போகிற காயம் எடுபடாது.

கடை மேல் குறை உண்டு. விக்டோரியா காலத்துக் கதைகளையும் இதே அடுக்கில் கலந்து வைத்திருக்கிறார்கள். ரயிலோ தந்தியோ வந்தால் அது வேறு காலம், கடைக்காரரிடம் சொல்லி மாற்றி வாங்குங்கள். உப்புக்காற்றில் முதுகுப் பசை பொரிந்து, முதலில் கழன்று விழுவது கடைசித் தாள்கள்தான். அந்தச் சாவி மறுபடி யார் கையில் போகிறது என்பது அங்கேதான் இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் கடைசிப் பக்கத்து எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கினால் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.