அக்காவ செம்மாவுக்கு கூட்டிட்டு போறதா, தமாக்காவுக்கா?

திண்டுக்கல்லுலருந்து அக்காவும் மாமாவும் நியூயார்க் வர்றாங்க, ஒரு நைட்டு வெளிய சாப்பாடு, எங்கன்னு வீட்ல ஒரே பஞ்சாயத்து. செம்மா, தமாக்கா ரெண்டுமே 2021ல வந்த கடை, ரெண்டுக்கும் பின்னாடி இருக்கிறது ரோனி மஜும்தாரும் செஃப் சிந்தன் பாண்டியாவும்தான். ஆனா மசாலாவ கையாளுற விதம் சுத்தமா வேற.

செம்மாவுல செஃப் நம்ம நத்தம் பக்கத்து விஜய் குமார். 2022ல மிஷலின் ஸ்டார், 2025ல அமெரிக்காவோட பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது, அதையும் மனுஷன் வேட்டியோட போய் வாங்கினாரு. இது வறுத்து அரைக்கிற சமையல், மல்லி மிளகாய் சோம்பு கல்பாசி எல்லாம் அரைச்சு வச்சு நாளாச்சுன்னா வாசம் பறந்துடும், அப்பப்ப அரைச்சாதான் உண்டு. நத்தை பிரட்டல் வாங்குங்க, இஞ்சியும் புளியுமா மசாலா கருகருன்னு நத்தைய சுத்தி ஒட்டிக்கிட்டு இருக்கும், கல் தோசைய பிச்சு வழிச்சு எடுத்தா தட்டுல ஒண்ணும் மிஞ்சாது. சின்ன வயசுல வயல்ல நத்தை பொறுக்கி சாப்பிட்டத வெளிய சொல்லவே கூச்சப்பட்டவராம் அவரு, இப்ப ஊரே அதுக்குத்தான் டேபிள் தேடுது.

தமாக்கா எசெக்ஸ் மார்க்கெட்ல. அங்க நான் போறது சம்பாரண் மட்டனுக்கு. பீகார் ஐட்டம், அரைக்கிறதவிட முழுசா போடுறதுதான் ஜாஸ்தி, கறி, கடுகெண்ணெய், மசாலா, தோல்கூட உரிக்காத முழு பூண்டு எல்லாத்தையும் மண்சட்டில போட்டு மாவு வச்சு மூடி தம்மு கட்டிடுவாங்க, தாளிக்கிறது வதக்கிறதுன்னு தனித்தனி வேலையே கிடையாது. அந்த பூண்ட எடுத்து நசுக்கினா வெண்ணெய் மாதிரி பிதுங்கி வரும், குழம்போட சேத்து பிசைஞ்சு சாப்பிடணும். கடுகெண்ணெய் நெடி நம்ம ஆளுங்களுக்கு முதல் வாய்க்கு கொஞ்சம் மூக்குல ஏறும், ரெண்டாவது வாய்ல பழகிடும்.

ருசின்னு மட்டும் கேட்டா என் ஓட்டு செம்மாவுக்குத்தான், ஊர விட்டு வந்து வருஷக்கணக்கா இங்க கிடக்கிற எனக்கு அந்த வாசமே போதும். ஆனா அக்கா இன்னும் ஒவ்வொரு குழம்புக்கும் தனியா வறுத்து அரைக்கிற ஆளு, அதுக்கு போய் பொடி தோசையும் சுக்காவும் வாங்கி குடுக்கிறது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதை. அதனால தமாக்காதான். மாமா மட்டும் நத்தை எங்கன்னு கேட்டுட்டே இருக்காரு, அவருக்கு தனியா செம்மாவுல ஒரு டேபிள் பாக்கணும், அங்க கடைசி நேரத்துல இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு.