மெட்டா கன்டென்ட் லைப்ரரி: பதிவு வெளியே போகாது, மேற்கோள் போய்விடும்

பொதுப் பதிவுகளைத் தேடி ஆராய உதவிய மெட்டாவின் பழைய கருவி கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்ட பிறகு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை முறைப்படி ஆராய மெட்டா திறந்து வைத்திருக்கும் வாசல்தான் மெட்டா கன்டென்ட் லைப்ரரி. பல்கலைக்கழகத்தையோ லாப நோக்கற்ற நிறுவனத்தையோ சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தொடக்கத்தில் விண்ணப்பம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஐசிபிஎஸ்ஆர் என்ற சமூக அறிவியல் தரவுக் காப்பகம் வழியாகப் போனது. லாபத்துக்கு நடக்கும் பத்திரிகைகளுக்கு இடமில்லை என்பது பெரிய குறை.

பொதுப் பக்கங்களும் பொதுக் குழுக்களும் தேடலில் வரும். தனிநபர் கணக்குகளுக்கு முதலில் 25,000 பின்தொடர்வோர் தேவைப்பட்டார்கள். பிறகு அது 1,000 ஆகக் குறைந்தது. ஒரு பதிவு எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற எண்ணும் கிடைக்கிறது, இது ஆய்வுக்குப் பெரிய லாபம். தமிழில் தேடுபவர்கள் தமிழ் எழுத்தோடு நிறுத்தக் கூடாது. ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லை நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். அத்தனையையும் சேர்த்துத் தேட வேண்டும்.

ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதித் தரவைக் கேட்கும் வழியில், எடுப்பவை பூட்டிய கணினிச் சூழலை விட்டு வெளியே வராது. பைத்தான் அல்லது ஆர் (R) நிரல்மொழியில் உள்ளேயே அலசி, தொகுத்த முடிவை மட்டும் கொண்டுவரலாம். எழுதியவர் பதிவை நீக்கினால் லைப்ரரியிலிருந்தும் போய்விடும். அது அவருடைய உரிமை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே தேடலை அடுத்த மாதம் ஓட்டினால் எண்ணிக்கை மாறும். அதனால் தேடல் வரியையும் ஓட்டிய தேதியையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.

இவ்வளவு காவலும் கட்டுரை எழுதும் இடத்தில் வீணாகிறது. நோயாளிகளின் பொதுக் குழு ஒன்றில் இப்படி ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'மூணாவது கீமோ முடிஞ்சு முடியெல்லாம் கொட்டிருச்சு, ஸ்கூல்ல கேக்குறாங்கன்னு பாப்பா அழுவுது.' பெயரை எடுத்துவிட்டு இதை அப்படியே அச்சிட்டால், மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடும் எவரும் எழுதியவரிடம் போய் நிற்கலாம். பேச்சு வழக்கும் எழுத்துப்பிழையும் கைரேகை மாதிரி. 'சிகிச்சையால் மாறிய தோற்றம் பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையையும் தொடுவதாகப் பெற்றோர் ஒருவர் எழுதியிருந்தார்' என்று மாற்றுங்கள். மாற்றியதையும் கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் தேடிப் பாருங்கள். மூலம் வந்தால் மறுபடி மாற்றுங்கள். அட்டவணையில் ஊரும் நோயும் சேர்ந்து ஒற்றை இலக்க எண் வந்தால் ஊரை விட்டு மாவட்டமாகத் தொகுங்கள்.

'பொதுவில் இருப்பதுதானே' என்ற பதில் போதாது. 2016-இல் ஓகேகியூபிட் டேட்டிங் தளத்தின் ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களை வெளியிட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலைத் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது. சட்டம் விட்டுவிட்ட இடத்தில் பொறுப்பு முழுக்க ஆய்வாளருடையது. லைப்ரரிக்குக் கிடைக்கும் அனுமதி தரவைத் தொடுவதற்கு மட்டுமே. எதை மேற்கோள் காட்டுவீர்கள், எப்படி மாற்றுவீர்கள் என்பதை உங்கள் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் முதல் தேடலுக்கு முன்பே தனிப் பத்தியாக எழுதிவிடுங்கள்.