முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: மூன்று சேனலா, நான்கா, ஆறா?

ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கப் போகிறவர் பெட்டியில் முதலில் தேட வேண்டியது சேனல் எண்ணிக்கை. 3, 4, 6 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். ரிமோட்டிலிருந்து தனித்து இயக்கக்கூடிய ஒவ்வோர் அசைவும் ஒரு சேனல். ஏறி இறங்குவது ஒன்று, மூக்கை இடமோ வலமோ திருப்புவது இரண்டு, முன்னும் பின்னும் போவது மூன்று, பக்கவாட்டில் நகர்வது நான்கு. ஆறு சேனலில் இவற்றோடு பிளேடின் சாய்கோணமும் பறக்கும்போதே மாறும். மிச்சமுள்ள ஒன்று வாலைத் தானாகத் திரும்பாமல் பிடிக்கும் கைரோவுக்கோ, பறக்கும் முறையை மாற்றும் ஸ்விட்சுக்கோ போய்விடும்.

எண் மட்டும் போதாது. 4 சேனல் என்ற பெயரில் இரண்டு வேறுவேறு ரகங்கள் விற்கின்றன. ஒரே அச்சில் இரண்டு ரோட்டர் (சுற்றும் பிளேடு ஜோடி) எதிரெதிராகச் சுற்றும் கோஆக்சியல் ஒன்று. ஒற்றை ரோட்டரோடு வாலில் சின்ன மோட்டார் வைத்த ஃபிக்ஸட் பிட்ச் (பிளேடின் சாய்கோணம் மாறாதது) இன்னொன்று. முன்னது அந்தரத்தில் தானாக நிற்கும், பின்னதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அட்டையில் எழுதியிருப்பதோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

ஆக, போட்டி நான்கு ரகங்களுக்கு நடுவே. எதைச் சுலபமாகப் பறக்கவிடலாம் என்று கேட்டால் ஒரு விடை. எதில் பறக்கவிடக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால் வேறு விடை. வாங்கிய மறுவாரமே அலமாரிக்குப் போகும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்வியையும் குழப்பிக்கொண்டதால் போனவைதான்.

3 சேனல் கோஆக்சியல்

சைமா எஸ்107 இந்த ரகத்தின் முகம். இரண்டு ரோட்டரும் எதிர்த்திசையில் சுற்றுவதால் உடலைத் திருகும் விசை ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது. மேலே எடை கட்டிய கம்பியான ஃப்ளைபார் சாய்வைத் தானே சரிசெய்கிறது. மூக்கு திரும்ப வேண்டுமானால் ஒரு ரோட்டரை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் சுற்றினால் போதும். வாலில் படுக்கையாக இருக்கும் குட்டி விசிறி வாலைத் தூக்கினால் முன்னே போகும், அழுத்தினால் பின்னே வரும்.

பத்து நிமிடத்தில் யாரும் பறக்கவிடலாம். பக்கவாட்டில் மட்டும் நகராது. சுவரை நோக்கி மெல்ல ஒதுங்குகிறது என்றால் மூக்கைத் திருப்பி முன்னே செலுத்துவதைத் தவிர வழியில்லை. அறையில் விசிறி ஓடக்கூடாது. அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் மாடல்கள் வெயிலில் ரிமோட் சொல்வதைக் கேட்காது; ஜன்னல் வழி விழும் வெளிச்சமே சில நேரம் போதும், பொத்தென்று விழும்.

பறக்கும்போது தானாகச் சுற்ற ஆரம்பித்தால் முதலில் ரிமோட்டில் சின்னத் திருத்தம் செய்யும் டிரிம் பட்டனைப் பாருங்கள். அதில் சரியாகவில்லை என்றால் பல்சக்கரத்தைப் பாருங்கள். தரையிலிருந்து எழும்போது இழுத்துக்கொண்ட தலைமுடியோ நூலோ அச்சில் சுற்றியிருக்கும். மோட்டார் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் ஒரு சாமணம் எடுத்து அதை உருவிவிடுவது நல்லது.

குழந்தைகளுக்கும், சாயங்காலம் கூடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும் என்பவர்களுக்கும் இது சரி. அடுத்த படிக்கான பயிற்சி இதில் கிடைக்காது.

4 சேனல் கோஆக்சியல்

கீழ் ரோட்டரை ரிமோட் சொல்லும் அளவுக்கு நகரும் இரண்டு குட்டி மோட்டார்கள், அதாவது சர்வோக்கள், சாய்க்கின்றன. அதனால் பக்கவாட்டிலும் போகும். நிஜ ஹெலிகாப்டரின் நான்கு கட்டுப்பாடுகளும் கைக்கு வந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் ஸ்டிக்கை விட்டவுடன் ஃப்ளைபார் உடலை நிமிர்த்திவிடும். ஏதாவது தவறினால் கையை எடுத்துவிடு என்ற பழக்கம் விரலில் ஊறிவிடும். ஒற்றை ரோட்டரில் அதே வேலையைச் செய்தால் சாய்ந்த பக்கமே போய் மோதும்.

வெளியே கொண்டுபோக முடியாதது இன்னொரு குறை. லேசான காற்றிலும், ஸ்டிக்கை முழுக்க முன்னே தள்ளும்போதும், கீழ் பிளேடு மேலே வளைந்து மேல் பிளேடைத் தொட்டுவிடும். டக் என்று ஒரு சத்தம், பிளேடு நுனி பிய்ந்திருக்கும். வீட்டுக்குள் மட்டும் என்று முடிவெடுத்தவருக்குத் தவிர இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

4 சேனல் ஃபிக்ஸட் பிட்ச்

டபிள்யூஎல்டாய்ஸ் வி911 போன்றவை. உள்ளங்கையில் அடங்கும், எடை சில பத்து கிராம்தான். பிளேடின் சாய்கோணம் மாறாது; ஏற வேண்டுமானால் ரோட்டர் வேகமாகச் சுற்ற வேண்டும், இறங்க மெதுவாக. எளிமையான ஏற்பாடு, அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது.

ஏற்றி இறக்கும் ஸ்டிக்கான த்ராட்டிலைத் தள்ளியதும் உடனே ஏறாது. ரோட்டர் வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் பதற்றப்பட்டு இன்னும் தள்ளினால் கூரையில் இடிக்கும். பயந்து இழுத்தால் ரோட்டர் வேகம் குறையும், கூடவே சாய்க்கும் திறனும் குறையும், கல்லைப்போல் இறங்கும். காற்றிலும் இதே கதைதான். எதிர்காற்று பட்டால் மேலே எழும்புகிறது, இறக்க த்ராட்டிலைக் குறைக்கிறீர்கள், கட்டுப்பாடு தளர்கிறது, காற்று அள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே அறைக்குள்ளோ, இலை அசையாத காலை நேரத்திலோதான் இதை ஓட்ட வேண்டும்.

ஆனால் கற்க வேண்டியவை எல்லாம் இதில் இருக்கின்றன. அந்தரத்தில் நிற்பது என்பது ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்வது என்று விரலுக்குப் புரிகிறது. ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டர் நேராக நிற்காது என்பதும் இங்கேதான் தெரியவரும். மேலிருந்து பார்க்க ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றினால் உடல் இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் மோட்டார் இடப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலை ஈடுகட்ட உடல் சற்றே வலம் சாய்ந்து நிற்க வேண்டும். கோணலாக நிற்கிறதே என்று புதியவர்கள் பழுது தேடுவார்கள். பழுதே இல்லை.

நிஜமாகவே பழுதாவது வால் மோட்டார். பிரஷ், அதாவது உரசியபடியே மின்சாரம் கொடுக்கும் துண்டு, உள்ள குட்டி மோட்டார். தேய்ந்தால் த்ராட்டிலைக் கூட்டும்போதெல்லாம் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மூக்கைத் திருப்பும் ரட்டர் ஸ்டிக்கை முழுக்க வலப்பக்கம் வைத்தும் நிற்கவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம். இன்னொன்று, நின்ற இடத்தில் வட்டம்போட ஆரம்பித்து வட்டம் பெரிதாகிக்கொண்டே போவது. ஆங்கிலத்தில் இதற்குக் கழிப்பறைப் பீங்கானில் நீர் சுழல்வதை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். பார்த்தால் பொருத்தம் புரியும். பிளேடு திருகு இறுகியிருப்பது, இணைப்புக் கம்பி தளர்ந்திருப்பது, அச்சு வளைந்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்றுதான் வழக்கமாகக் காரணம். இந்தக் குட்டி ரகத்தில் ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தன் எடையிலேயே மடங்கி விழும் அளவுக்குத் திருகு தளர்வாக இருக்க வேண்டும்.

தலை உயரத்திலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிளேடு வளையும், இணைப்புக் கம்பி கழன்றுகொள்ளும். மாட்டிவிட்டு மறுபடி ஏற்றலாம். ஒரே சாயங்காலத்தில் முப்பது முறை விழுந்து எழ முடிகிற இயந்திரம் கற்றுக்கொடுப்பதைச் செலவுக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கும் இயந்திரம் கற்றுக்கொடுக்காது.

இந்த ரகத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்போது பல மாடல்களில் காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. த்ராட்டில் ஸ்டிக் விட்டதும் ஸ்பிரிங் இழுத்து நடுவுக்கு வந்தால் அது அந்த வகை. நிஜ ஹெலிகாப்டர் போன்ற அழகான உடலோடு வருவதால் கண்ணை இழுக்கும். பறக்கவிடுவது சுகம்தான். ஆனால் த்ராட்டில் விரல் ஒன்றுமே கற்காது, ஆறு சேனலுக்குப் போனதும் முதலில் தடுமாறுவது அந்த விரல். தரைக்கு அருகே ரோட்டர் காற்றே அளவியை ஏமாற்றி மேலும் கீழும் குதிக்கவும் வைக்கும். கற்பதற்கு என்றால் ஸ்பிரிங் இல்லாத த்ராட்டில் ஸ்டிக்கைத் தேடுங்கள்.

6 சேனல் கலெக்டிவ் பிட்ச்

இங்கே ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். பிளேடின் கோணம்தான் மாறும். ஸ்டிக்கைத் தொட்டதும் ஏறும், தொட்டதும் இறங்கும். கோணத்தை எதிர்ப்பக்கமும் சாய்க்கலாம் என்பதால் தலைகீழாகவும் பறக்கும். காற்றைத் தாங்கும். ஃபிக்ஸட் பிட்சைவிட இதை நிறுத்துவது ஒருவகையில் சுலபம் என்றே சொல்லலாம், விழாத வரை.

விழுந்தால் கதை வேறு. தரையில் பட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தால் சர்வோ பற்கள் உடையும், பிளேடைத் தாங்கும் குறுக்குத் தண்டு வளையும், பெரிய பல்சக்கரம் மழுங்கும். இதற்கு ஒரே மருந்து மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் ஸ்விட்ச். விழப்போகிறது என்று தெரிந்த கணமே, தரை தொடுவதற்கு முன்பே, அதைத் தட்டிவிட வேண்டும். புதியவர் ஸ்டிக்கோடு போராடுவார். பழகியவர் ஸ்விட்சைத் தட்டுவார்.

இன்னொரு ஆபத்து ஐடில்-அப் ஸ்விட்ச். சாதாரண முறையில் த்ராட்டிலைக் கீழே இறக்கினால் ரோட்டர் நிற்கும். ஐடில்-அப்பில் அதே இடத்தில் ரோட்டர் முழு வேகத்தில் சுற்றும், பிளேடு எதிர்க்கோணத்தில் இருக்கும். தரையில் வைத்துக்கொண்டு தெரியாமல் அந்த ஸ்விட்சைத் தட்டினால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே தரையில் அறைந்துகொள்ளும். மின்சாரம் கொடுக்கும் முன் எல்லா ஸ்விட்சும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

குட்டி ரகங்களில் எக்ஸ்கே கே110 நல்ல தொடக்கம். பிரதான மோட்டார் பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாதது); தானே நிமிர்ந்துகொள்ளும் 6ஜி முறையும் முழு சுதந்திரமான 3டி முறையும் உண்டு. வால் மோட்டார் மட்டும் பிரஷ் வகை, அது தேயும். ஓஎம்பி எம்1, எம்2 இரண்டிலும் பிரதான மோட்டார், வால் மோட்டார் இரண்டுமே பிரஷ்லெஸ், பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுற்றுபவை. மழுங்கப் பல்லே இல்லை, வாலும் உறுதியாக நிற்கும். வேகமும் அதிகம், கற்றுக்குட்டிக்குத் தேவைக்கு மேலேயே. இந்த வகுப்பில் ஹெலிகாப்டர் மட்டும் தனியாகவும் விற்கும். கையில் உள்ள ரிமோட் அதோடு பேசுமா என்று வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

பெரியது வாங்கினால் சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. அலைன் டி-ரெக்ஸ் 450 போன்றவற்றைக் காட்டிச் சொல்வார்கள். பாதி உண்மை: பெரிய ரோட்டர் காற்றில் அசையாமல் நிற்கும், கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும். மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. 450 வகுப்பின் ரோட்டர் குறுக்களவு சுமார் 70 சென்டிமீட்டர். அது நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். கண்ணில் பட்டால் கண் போகும். ஒருமுறை விழுந்தால் பிளேடு, பிரதான அச்சு, குறுக்குத் தண்டு, வால் குழாய், பல்சக்கரம் எல்லாம் சேர்ந்து போகும். மாற்றிய பிறகு கோணங்களைத் திரும்ப அளந்து அமைக்க வேண்டும். இதை முதலாவதாக வாங்காதீர்கள்.

எதை, எந்த வரிசையில்

பொழுதுபோக்கு மட்டும் என்றால் 3 சேனல். கற்க வேண்டும் என்றால் உயரம் பிடிக்கும் வசதி இல்லாத குட்டி ஃபிக்ஸட் பிட்சும், கணினியில் ஒரு சிமுலேட்டரும். சிமுலேட்டரில் நன்றாகப் பழகியவர் நேராகக் குட்டி 6 சேனலுக்கே போகலாம். நடுவில் உள்ள படி கட்டாயமில்லை. ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் போன்றவற்றில் நிஜ ரிமோட்டையே யூஎஸ்பி வழியாக இணைத்துப் பழகலாம். விசைப்பலகையில் பழகினால் பயனில்லை.

வாங்கும் முன் ரிமோட்டின் மோடைப் பாருங்கள். மோட் 2இல் த்ராட்டில் இடக்கையில், மோட் 1இல் வலக்கையில். பழகிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. சிமுலேட்டரிலும் அதே மோடையே வையுங்கள்.

முதலில் வால் உங்களைப் பார்த்திருக்க நிறுத்துங்கள். பிறகு பக்கவாட்டில், இருபுறமும். கடைசியாக மூக்கு உங்களைப் பார்க்க; அப்போது இடம் வலம் மாறிவிடும், முன் பின்னும் மாறிவிடும். கணுக்கால் உயரத்தில் நிறுத்தப் பார்க்காதீர்கள். ரோட்டர் குறுக்களவுக்குக் கீழான உயரத்தில், தரையில் பட்டுத் திரும்பும் காற்றே அதைத் தள்ளாட வைக்கும். தயங்காமல் மார்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், அங்கே அமைதியாக இருக்கும்.

பேட்டரி லித்தியம் பாலிமர். ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட். இறக்கி வைத்த பிறகு 3.7 வோல்ட்டுக்குக் கீழே போகும் அளவுக்குப் பறக்கவிடக்கூடாது. ஏழு நிமிடம் பறக்கும் என்றால் கடிகாரத்தில் ஆறு வையுங்கள். சூடு ஆறிய பிறகே சார்ஜ்; 250 எம்ஏஎச் பேட்டரிக்கு 0.25 ஆம்பியர் போதும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பல நாள் வைத்திருக்க 3.8 வோல்ட்டில் நிறுத்துங்கள். உப்பியதைத் திரும்பச் சார்ஜ் செய்யாதீர்கள்.

ஃபிக்ஸட் பிட்ச் என்றால் ஹெலிகாப்டரோடு சேர்த்தே வாங்க வேண்டியவை: பேட்டரி நான்கு, பிரதான பிளேடு இரண்டு ஜோடி, வால் பிளேடு இரண்டு, வால் மோட்டார் ஒன்று, இணைப்புக் கம்பிகள் ஒரு பொட்டலம். 6 சேனலுக்கு இவற்றோடு குறுக்குத் தண்டு இரண்டு, பல்சக்கர மாடலாக இருந்தால் பெரிய பல்சக்கரம் இரண்டு, சர்வோ ஒன்று. இந்த உதிரிகள் தனித்தனியாகக் கிடைக்காத மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.