சம்பளத்துக்கு சண்டை போடுறவங்க கதை: தி பிளாக் கம்பெனி

கிளென் குக் எழுதின தி பிளாக் கம்பெனி 1984ல வந்த நாவல். நான் படிச்சது 2007ல இந்த வரிசையோட முதல் மூணு நாவலையும் ஒண்ணா சேத்து போட்ட தடி புக்கு, படுத்துக்கிட்டு படிச்சா கை வலிக்கும். மந்திரவாதி இருக்கு, பறக்குற கம்பளம் இருக்குன்னு கேள்விப்பட்டு, எவனோ ஒருத்தன் வாளத் தூக்கிட்டு உலகத்த காப்பாத்துவான்னு நெனச்சுதான் ஆரம்பிச்சேன், கொஞ்ச பக்கத்துலயே புரிஞ்சுடுச்சு இது அந்த ரகம் இல்லன்னு.

நம்மூர்ல கூலிப்படைன்னா நியூஸ்ல வர்ற அருவா கோஷ்டிதான் ஞாபகம் வரும். பிளாக் கம்பெனிங்குற இந்த கூலிப்படை வேற, காண்ட்ராக்ட் போட்டு ஊர் ஊரா போற முழு ராணுவம். நிஜத்துலயே 14ம் நூற்றாண்டு இத்தாலியில இப்படி படைங்க சுத்திட்டு இருந்துச்சு, ஜான் ஹாக்வுட்னு ஒரு இங்கிலீஷ்காரர் இந்த தொழில்லயே பெரிய ஆளாகி 1394ல செத்தாரு, அவர் குதிரை மேல உக்காந்திருக்குற படம் ஃப்ளாரன்ஸ் கதீட்ரல் சுவத்துல இன்னும் இருக்கு. குக் அந்த உலகத்த எடுத்து மந்திரத்த கலந்துட்டாரு.

கதைய சொல்றது படையோட டாக்டர், பேரு க்ரோக்கர். காயத்துக்கு தையல் போடுறதோட படையோட வரலாற எழுதி வெக்கிறதும் அவர் வேலை. பெரில்னு ஒரு துறைமுக ஊர்ல ஆட்சியாளருக்கு காவலா இருக்காங்க, அங்க நெலம மோசமாகி அந்த முதலாளி போய் சேந்துடறாரு (அவர் சாவுல இவங்களுக்கும் பங்கு உண்டு, க்ரோக்கருக்கு அது உறுத்திட்டே இருக்கும்). அடுத்து சோல்கேட்சர்னு ஒரு மந்திரவாதி கிட்ட ஒப்பந்தம் போட்டு கடல் தாண்டி வடக்க போறாங்க. தலைய மூடுற ஹெல்மெட், கறுப்பு லெதர், வாயத் தெறந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் குரல்ல பேச்சு வரும், எனக்கு நெஜமாவே கிலி புடிச்சுது. அங்க போனப்புறம்தான் ஒண்ணு நல்லா ஒறைக்குது: நம்ம ஆளுங்க சம்பளம் வாங்குறது வில்லி கிட்ட. லேடின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க, அவளுக்கு கீழ பத்து பெரிய மந்திரவாதிங்க, சோல்கேட்சரும் அதுல ஒண்ணு. எதிர்ல கிளர்ச்சிக்காரங்க. அவங்களாச்சும் நல்லவங்களான்னு பாத்தா, அங்கயும் ஊர கொளுத்துற ஆளுங்கதான்.

நாவல்ல எனக்கு ரொம்ப புடிச்ச எடம் ரேக்கர் எபிசோடு. ரேக்கர் எதிர் தரப்பு தளபதி, ரோசஸ்ங்குற ஊர்ல ஒளிஞ்சிருக்கான். இவங்க தெருத் தெருவா தேடி சண்டை போடல, பெரிய புதையலையே ஊர் நடுவுல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி குவிச்சு வெச்சு, அவன் தலைய கொண்டு வர்றவனுக்கு இதுன்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் அவனால யார நம்ப முடியும், கூட சாப்பிடுறவன நம்புவானா பக்கத்துல படுக்குறவன நம்புவானா? ஃபேன்டசின்னா மந்திரக்கோல்னு நெனச்சிருந்த எனக்கு, பணத்தையே ஆயுதமா காட்டின இந்த இடம் செம.

எழுத்து நடை பத்தி சொல்லியே ஆகணும். குக் கார் ஃபேக்டரியில அசெம்பிளி லைன்ல வேல பாத்துக்கிட்டே நாவல் எழுதினவரு, அதுக்கு முன்னாடி நேவியில இருந்தவரு. அது எழுத்துல தெரியுது. சின்ன சின்ன வாக்கியம், வர்ணனையே கெடையாது, ஒரு கோட்டை எப்படி இருக்கும்னு அரை வரி தான் வரும், ஆனா மழையில ராத்திரி காவல் நிக்கிறவன் என்ன புலம்புவான், சம்பளம் லேட்டானா எவன் மொதல்ல கத்துவான், இதெல்லாம் அச்சு அசலா இருக்கும். சண்டை இல்லாத நேரத்துல டாங்க்னு ஒரு சீட்டு ஆடிட்டே இருப்பானுங்க. ஒன்-ஐ, காப்ளின்னு ரெண்டு கெழட்டு மந்திரவாதிங்க ஒருத்தர ஒருத்தர் மந்திரத்தால வம்பிழுக்குறத படிச்சு பஸ்ல சிரிச்சுட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. எல்லாருக்கும் பட்டப்பேரு மட்டுந்தான், காலேஜ் ஹாஸ்டல் மாதிரி.

ஒரு எடத்துல க்ரோக்கரே ஒத்துக்குறாரு, எங்க ஆளுங்க பண்ற கொடூரத்த எல்லாம் நான் எழுதறதில்ல, அவங்க என் குடும்பம், சொந்தத்த பத்தி தப்பா பேசக்கூடாதுன்னு வளத்தாங்கன்னு. அத படிச்சதும் புக்க மூடி வெச்சுட்டேன் கொஞ்ச நேரம். அதுவரைக்கும் இவனுங்க ஜோக்குக்கு சிரிச்சுட்டு இருந்த நான், எழுதாம விட்டது என்னென்னவா இருக்கும்னு பின்னாடி போய் தேட ஆரம்பிச்சேன்.

கொறை இல்லாம இல்ல. மேப் கெடையாது, திசையே புரியாது. அந்த பத்து மந்திரவாதில நாலு பேர தவிர மீதி எல்லாம் வெறும் பேருதான். திடீர்னு மாசக்கணக்கா தாவிடும், நாமதான் புடிச்சுக்கணும். டார்லிங்ங்குற வாய் பேச முடியாத சின்னப் பொண்ணு ரொம்ப முக்கியமான கேரக்டர், ஆனா முதல் நாவல்ல அவளுக்கு கெடைக்கிற எடம் ரொம்ப கம்மி, எனக்கு அது கோவம். கடைசி பெரிய சண்டையும் ஒரு கட்டத்துல, யாருப்பா இப்ப செத்தான்னு கேக்க வெக்குது.

விறுவிறுன்னு ஹீரோயிசம் வேணும்னா இத தொடாதீங்க. மொத அம்பது பக்கம் குழப்பமா இருந்தாலும் பல்ல கடிச்சுக்கிட்டு போனா அப்புறம் அதுவே இழுத்துட்டு போகும். தனித்தனியா வாங்குறதுக்கு பதில் மூணும் சேந்தத வாங்குங்க, ஏன்னா முதல் நாவல் முடியுற எடத்துல நிறுத்த முடியாது. நான் இப்ப ரெண்டாவதுல இருக்கேன், ஜூனிபர்னு ஒரு குளிர் ஊர், கடன்ல கழுத்து வரைக்கும் முங்கின மாரன் ஷெட்னு ஒரு சத்திரக்காரன், ஒவ்வொரு அத்தியாயத்துலயும் இன்னும் கொஞ்சம் கேவலமா ஏதாவது பண்றான், அவன திட்டிக்கிட்டே நேத்து ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு.