மஞ்சக்குப்பம் மருந்துக் கடையும் தம்பியின் மாத்திரையும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள இந்த மருந்துக் கடையில் தம்பிக்காக ஓலான்சபின் என்னும் மனநோய்க்கான மாத்திரையை 2 ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஓர் அட்டைகூடத் தரமாட்டார்கள், அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பசி கூடி எடை ஏறும், இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் உயரக்கூடும், ஆகவே அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும் என்று முதல் நாளே பொறுமையாக விளக்கியவர் இக்கடையின் மருந்தாளுநர்தான். முன்பு ஹாலோபெரிடால் என்னும் மற்றொரு மனநோய் மருந்தை உட்கொண்டபோது அதன் பக்கவிளைவாகத் தம்பியின் கைகள் விறைத்து நடுங்கியதை வேறொரு கடையில் வெறும் பலவீனம் என்று சொல்லி, சத்து டானிக்கைக் கையில் திணித்து அனுப்பினார்கள். கடுங்காய்ச்சலுடன் உடல் விறைப்பும் மனக்குழப்பமும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும், மாத்திரையை நாமாகத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்பதையும் இங்கேதான் அறிந்தோம். விலையில் பெரிய தள்ளுபடி இல்லை. மாலைக் கூட்டத்தின் நடுவே நின்று இவற்றைக் கேட்பதுதான் சற்றுச் சங்கடம்.