ஆறு மாதம் கப்பலில் நான், ஆறு மாதம் செட்டில் கார்

என்னுடையது 2018-இல் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி. மீட்டரில் இன்னும் 41,000 கிலோமீட்டர் கூட ஆகவில்லை. நான் கப்பலில் வேலை பார்க்கிறேன். ஒரு காண்ட்ராக்ட் என்றால் ஆறு மாதம், சில சமயம் ஏழு. அத்தனை நாளும் வண்டி தூத்துக்குடியில் வீட்டை ஒட்டிய தகர செட்டில் நிற்கும். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. இதுவரை ஆறு முறை அப்படி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறேன். முதல் தடவை செய்தது அத்தனையும் தப்பு. அடுத்தடுத்த தடவைகளில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப்பற்றிக் கேட்கிறார்கள், அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

2019 நவம்பரில் கப்பல் ஏறினேன். அடுத்த மே மாதம் இறங்க வேண்டியவன். அதற்குள் கொரோனா வந்து துறைமுகங்களில் ஆள் மாற்றவே விடவில்லை. அந்த வருடம் உலகம் முழுக்க ஏறக்குறைய 4 லட்சம் கப்பல்காரர்கள் இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள், அதில் நானும் ஒருவன். வீடு வந்து சேர்ந்தது 2020 டிசம்பரில். பதின்மூன்று மாதம்.

கிளம்பும்போது அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்ருங்கப்பா." ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்பா ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தார். மார்ச் வரைக்கும் வண்டி எடுத்தது, அப்புறம் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். தன்னால்தான் கெட்டுப்போனதோ என்று நினைத்து அதை என்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டார். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, ஏனென்றால் தப்பு அவருடையதில்லை, நான் சொன்ன யோசனையுடையது.

நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் தண்ணீர் ஆவியாகி வெளியேறாமல் சைலன்சருக்குள் தங்கி அதை உள்ளிருந்தே அரிக்கும். கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். ஸ்டார்ட் பண்ண பேட்டரியிலிருந்து எடுத்த கரண்ட் அந்த ஐந்து நிமிட ஐடிலிங்கில் முழுசாகத் திரும்ப ஏறுவதும் இல்லை. சக்கரம் உருளாததால் டயருக்கும் பிரேக்குக்கும் ஒரு பலனும் கிடையாது. ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் சாவியே போட வேண்டாம், வண்டியை முறையாகத் தூங்க வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து செட்டைத் திறந்த நாளைச் சொல்கிறேன். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தேன். கழற்றினால் பெயிண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு, உப்பளம் ஒன்றும் தூரமில்லை. அந்த ஈரம் கவருக்குள் புகுந்து வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் சாம்பல் நிறப் பூஞ்சை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருந்ததால் பின் சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, நாலு பேர் தள்ளியும் வண்டி அசையவில்லை. பட்டறையிலிருந்து வந்த அண்ணாச்சி டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டித்தான் விடுவித்தார்.

அப்புறம் அவர் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு முழு எலிக்கூடு. தேங்காய் நார், பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு விரிப்பின் துண்டுகள், கடலைத் தோல், நடுவில் கையளவு குழி. ஃபில்டர் பேப்பரின் ஒரு மூலையே இல்லை. பக்கத்தில் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் மூன்று வயர்களில் மேல் உறை உரிந்து செம்பு தெரிந்தது. "ஸ்டார்ட் ஆகாமப் போனதே நல்லதுதான் தம்பி" என்றார்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றரை மாதம் சொச்சத்தில் காலி. காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் போட்டாலும் பழையபடி பிடிக்காது. டெர்மினலை மட்டும் கழற்றி வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் நம் ஊர்ச் சூட்டில் சும்மா இருக்கும் பேட்டரியும் தானாகவே இறங்கும். அதனால் பேட்டரியையே கழற்றி பின்பக்க வராந்தாவில் ஒரு பலகை மேல் வைத்துவிடுகிறேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாதம் ஒருமுறை அப்பா அதில் சார்ஜரை மாட்டுவார், முழுசாக ஏறியதும் தானாக நிற்கும் ரகம் அது. சார்ஜ் ஏறும்போது வாயு வெளிவரும், காற்றோட்டம் உள்ள இடம் வேண்டும். ஊருக்கு வந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். 12.6 வோல்ட் காட்டினால் நிம்மதி. 2020 டிசம்பரில் வாங்கிய பேட்டரி நான்கரை வருடம் உழைத்தது.

எலிக்கு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு தடவை அந்துருண்டையைத் துணியில் கட்டி இன்ஜின் பக்கம் போட்டேன். எலியும் வந்தது, ஏசி போட்டால் இரண்டு மாதம் அந்துருண்டை வாசனையும் வந்தது. புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிட்டது ஓரளவு கேட்டது. ஆனால் மாதாமாதம் மாற்ற வேண்டும், காய்ந்து வாசனை போய்விட்டால் பலன் இல்லை. உண்மையில் பிரச்சினை வண்டியில் இல்லை, செட்டில்தான் இருந்தது. மூலையில் அடுக்கி வைத்திருந்த பழைய சாக்கும் தேங்காய் மட்டையும்தான் எலிக்கு வீடு. அவற்றை அப்புறப்படுத்தி, தரையில் விரிசலை சிமெண்ட் பூசி அடைத்தோம். பானெட்டை முழுசாகத் திறந்து கம்பியில் நிறுத்தி வைக்கிறேன். இருட்டும் ஒதுக்குப்புறமும் இருந்தால்தான் அது கூடு கட்டும். காற்று உள்ளே போகும் குழாய் வாயில் சின்னக் கண் கம்பி வலையைத் திணித்து, 'வலையை எடு' என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுவேன். அதை மறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு நான்கு தடவையாக ஒரு வயரும் கடிபடவில்லை.

ஹேண்ட்பிரேக் போடுவதே இல்லை. ஃபர்ஸ்ட் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. டயரில் வழக்கத்தைவிட 7, 8 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று. டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. வந்ததும் குறைத்துக்கொள்வேன். முதல் தடவை காற்று இறங்கி டயர் ஒரு பக்கம் தட்டையாகி, முதல் இருபது கிலோமீட்டருக்கு ஸ்டியரிங் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கிளம்பும் வாரம் ஆயில் மாற்றிவிடுவேன். பழைய ஆயிலில் அமிலமும் அழுக்கும் இருக்கும், அதை ஆறு மாதம் இன்ஜினுக்குள் ஊற விடுவதில் அர்த்தமில்லை. பெட்ரோல் டேங்க் நிரப்பித்தான் வைக்கிறேன். டேங்கில் காலியிடம் இருந்தால் ஈரக் காற்று நிற்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆறேழு மாதத்தில் எனக்குத் தொந்தரவு வந்ததில்லை. வந்ததும் பாதி டேங்க் ஓட்டித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்கிறேன். வண்டியை அடிப்பாகம் உட்படக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் செட்டுக்குள் விடுவேன். கவர் இப்போது பருத்தித் துணி. வைப்பர் தூக்கியபடி.

இன்சூரன்ஸை மறந்துவிடாதீர்கள். முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், கிளெய்ம் எதுவும் வாங்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். 2020-இல் எனக்குப் போனது. இப்போது கப்பல் ஏறும் முன்பே தேதியைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த வெள்ளம். நான் நடுக்கடலில். வீட்டுக்கு இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அப்பா சொன்னார், செட்டுக்குள் தண்ணீர் ஏறிக் கதவின் அடிவிளிம்பைத் தொட்டதும் பக்கத்து வீட்டுப் பையன்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, கட்டையை எடுத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பாலத்து ஏற்றம் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். "நீ கேக்க முன்னாடியே சொல்லுதேன் தம்பி, வண்டி மேட்டுலதான் நிக்கி." ஹேண்ட்பிரேக் ஒட்டியிருந்தால் அது நடந்திருக்காது. பிறகு செட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை இடுப்பளவு இருந்தது.

"ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்கப்பா" என்றேன். "பேட்டரிதான் வண்டியிலயே இல்லையே" என்றார்.

பிப்ரவரியில் இறங்கி வந்து, காருக்குள் இருந்த கால் விரிப்புகளை எடுத்து மாடியில் காயப் போட்டு, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை என்று டிப்ஸ்டிக்கில் பார்த்துக்கொண்டு பேட்டரியை மாட்டினேன். சாவியை ஆன் நிலைக்கு மூன்று தடவை கொண்டுபோய், பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்ட பிறகு திருகினேன். முதல் திருகலிலேயே எடுத்தது. பிரேக் தட்டில் துரு இருந்தது, தெருமுனை வரை கரகரவென்று சத்தம் போட்டு அதுவாகவே போய்விட்டது. அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்துத் திருச்செந்தூர் போய்விட்டு வந்தோம்.